அழித்தலும் அருளே

விடியற்காலையில் முற்றம் கூட்டும் ஓசை கேளாத வீடு நம் ஊர்களில் அரிது. இரவோடிரவாக உதிர்ந்த மாவிலையும் வேப்பஞ் சருகும் சூரியன் எழுமுன்னரே ஒரு மூலையிற் குவிந்துவிடும். ஒருநாள் கூட்டாது விட்டால் அயலார் அறியார். ஒரு கிழமை விட்டால் வருவோர் முகஞ் சுளிப்பர். ஒரு மாதம் விட்டாலோ வீட்டுக்கும் காட்டுக்கும் வேறுபாடில்லாது போய்விடும். ஆயினும், ஆக்கும் வேலையைப் போற்றுகின்ற நாம் அகற்றும் வேலையை அத்துணை போற்றுவதில்லை. கறி சமைத்த கையைப் புகழ்வோம். சட்டி கழுவிய கையை நினைப்பதில்லை. விஞ்ஞானிகளும் நெடுங்காலம் இவ்வாறே இருந்தனர் என்பது வியப்புக்குரியது.

உயர்தர வகுப்பிற் புரதங்களைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது மாணவனொருவன் எழுந்து, “சேர், உடம்பு நாள்தோறும் புதுப் புரதம் செய்கிறது என்று சொன்னீர்கள். அப்படியென்றால் பழைய புரதம் எங்கே போகிறது?” என்று வினவினான். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உயிரிரசாயன உலகம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் விடை தேடித் திரிந்த வினா அது. அதற்குக் கிடைத்த விடையிலிருந்து ஒரு கொடிய நோய்க்கு மருந்தும் பிறந்தது. அவ்வரலாற்றையே இவ்வாரம் நேயர்களோடு பேச விழைகின்றேன்.

மாறாத உடம்பு என்னும் மயக்கம்

புரதம் என்றவுடன் முட்டையும் மீனும் பருப்புமே நம் நினைவுக்கு வருவன. உண்மையில், உடம்பில் நடைபெறும் தொழில்களுட் பெரும்பாலானவற்றைச் செய்பவை புரதங்களே. குருதியிற் பிராணவாயுவைச் சுமப்பது ஒரு புரதம். உணவைச் செரிக்கச் செய்யும் நொதியங்கள் புரதங்கள். கிருமிகளை எதிர்த்து நிற்கும் பிறபொருளெதிரிகளும் புரதங்கள். இருபது வகை அமினோவமிலங்கள் மணிமாலைபோலக் கோக்கப்பட்டு, பின்னர் குறித்தவொரு வடிவில் மடிந்து புரதமாகின்றன. மடிப்பிற் பிழை நேர்ந்தால் அப்புரதம் பயன்படாது. சிலவேளை கேடும் செய்யும்.

உடம்பை ஒரு கல்வீடாகவும் உணவை அடுப்பில் எரியும் விறகாகவும் கருதிய காலம் ஒன்றிருந்தது. வீடு அப்படியே நிற்கும், விறகு மட்டும் எரிந்து சாம்பலாகும் என்பது அக்கருத்து. அதனைத் தகர்த்தவர் ருடோல்ப் ஷோன்ஹைமர் என்பவர். 1933 இல் ஜேர்மனியை விட்டு நீங்கி, நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் அவர். சாதாரண நைதரசனிலும் நிறை கூடிய நைதரசன் ஒன்றுண்டு. அதனை அடையாளமாகக் கொண்ட அமினோவமிலங்களை ஆக்கி, 1930 ஆம் ஆண்டுகளின் இறுதியில் எலிகளுக்கு ஊட்டினார். உணவு வெறும் விறகாயின் அந்த அடையாளம் முழுவதும் சிறுநீரில் வெளிவரவேண்டும். ஆனால் வெளிவந்தது ஏறக்குறையப் பாதியே. மீதி எலியின் உடற்புரதங்களிலேயே குடிகொண்டிருந்தது. அவ்வளவுக்குப் பழைய புரதம் இடம்விட்டு அகன்றிருந்தது. கல்வீடு என்று நாம் எண்ணியதில் ஒவ்வொரு கல்லும் இடையறாது மாற்றப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பது அப்பொழுதுதான் தெளிவாயிற்று.

பழைய கற்களை அகற்றுபவர் யார்? 1955 இல் பெல்ஜியத்து அறிஞர் கிறிஸ்தியன் டி டூவே, கலத்தினுள்ளே அமிலநீரும் நொதியங்களும் நிறைந்த சிறு பைகள் இருத்தலைக் கண்டறிந்தார். குப்பைத்தொட்டி கிடைத்துவிட்டது எனப் பலரும் மகிழ்ந்தனர். எனினும் இரண்டு ஐயங்கள் தீரவில்லை. முதலாவது, சில புரதங்கள் சில நிமிடங்களில் மறைகின்றன. சில பல நாட்கள் வாழ்கின்றன. எல்லாவற்றையும் ஒருங்கே விழுங்கும் பைக்கு இந்தப் பாகுபாடு எவ்வாறு தெரியும்? இரண்டாவது, இரைப்பையிற் புரதம் செரிப்பதற்குச் சத்திச் செலவு வேண்டியதில்லை. கலத்தினுள்ளே புரதம் அழிவதற்கோ சத்தி செலவாகிறது. வீட்டைக் கட்டுவதற்குப் பணம் வேண்டும் என்பது விளங்கும். அது இடிந்து வீழ்வதற்கும் பணம் ஏன்?

கொதித்தும் கெடாத பொருள்

இந்தச் சிறு முரண்பாட்டைப் பற்றிக்கொண்டவர் அவ்ராம் ஹேர்ஷ்கோ. ஹங்கேரியிற் பிறந்து, சிறுவனாயிருந்தபோதே 1944 இற் குடும்பத்தோடு ஆஸ்திரியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, உயிர்தப்பி, 1950 இல் இஸ்ரேலிற் குடியேறியவர் அவர். ஹைபா நகரிலுள்ள தெக்னியன் நிறுவகத்தில் அவரும் அவருடைய மாணவர் ஆரோன் செகனோவரும் முயலின் முதிராத செங்குழியங்களை எடுத்து ஆராய்ந்தனர். அமெரிக்காவிற் பிலடெல்பியா நகர்ப் புற்றுநோய் ஆய்வு நிலையத்திலிருந்த ஏர்வின் ரோஸ் அவர்களுக்குத் துணைநின்றார்.

செங்குழியச் சாற்றை அவர்கள் இரண்டு பகுதிகளாகப் பிரித்தார்கள். தனித்தனியே எப்பகுதியும் புரதத்தை அழிக்கவில்லை, கலந்தபோது அழித்தன. முதற்பகுதியில் ஈமோகுளோபின் மிகுந்திருந்தபடியால் வேண்டிய பொருளைப் பிரித்தெடுத்தல் அரிதாயிருந்தது. ஆகவே அதனைச் சூடாக்கிப் பார்த்தார்கள். முட்டை வெண்கரு உறைவதுபோல ஈமோகுளோபின் உறைந்து அடியிற் படிந்தது. ஆனால் அவர்கள் தேடிய பொருளோ கொதித்தும் கெடாமல் தெளிந்த நீரிலேயே நின்றது. 1978 இல் வெளிவந்த இம்முடிபு பெரிய ஆரவாரமெதனையும் எழுப்பவில்லை.

கொதித்தும் கெடாத அப்பொருள் 76 அமினோவமிலங்களாலான ஒரு சிறு புரதம். அது முன்னரே பிறரால் வேறொரு தொடர்பிற் கண்டறியப்பட்டு, எங்கும் உள்ளது என்னும் பொருள்பட யுபிகுயிற்றின் எனப் பெயரிடப்பட்டிருந்தது என்பது 1980 இல் தெரியவந்தது. அது நொதியமன்று; ஒரு குறி. தறிக்கவேண்டிய மரத்துக்குச் சுண்ணாம்பினாற் குறியிட்டு வைப்பதுபோல, அழிக்கவேண்டிய புரதத்தின்மீது யுபிகுயிற்றின்கள் சங்கிலியாக ஒட்டப்படுகின்றன. எந்தப் புரதத்துக்குக் குறியிடுவது என்பதைத் தெரிவதற்கென்றே மனித உடம்பில் அறுநூறுக்கு மேற்பட்ட நொதியங்கள் இருக்கின்றன. குறியிடுதற்குச் சத்தி வேண்டும். இடிப்பதற்கு ஏன் பணம் என்ற வினாவுக்கு விடையின் பெரும்பகுதி இதுவே. பணம் இடிப்பதற்கு மட்டுமன்று. எதை இடிப்பது என்று ஆராய்ந்து தீர்ப்பளிப்பதற்கும் ஆகும். மூவருக்கும் 2004 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உருளையின் உள்ளே

குறியிடப்பட்ட புரதம் சென்றடையும் இடமே புரோற்றியசோம் எனப்படுவது. அமெரிக்க அறிஞர் அல்பிரெட் கோல்ட்பேர்க்கும் அவருடைய துணைவர்களும் 1988 இல் இப்பெயரை வழங்கினர். அதன் நடுப்பகுதி உட்குழிந்த ஓர் உருளை. ஒன்றன்மேலொன்றாக நான்கு வளையங்கள். வளையமொன்றுக்கு ஏழு புரதங்களாக மொத்தம் 28. இவ்வுருளை ஒவ்வொன்றின் நீளமும் ஏறக்குறைய 15 நனோமீற்றர். அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவற்றை நுனியோடு நுனி சேர்த்து வைத்தாலும் ஒரு மில்லிமீற்றரைத் தாண்டா.

இருமுனைகளிலும் மூடிபோன்ற காவலர் உண்டு. அவர்கள் யுபிகுயிற்றின் குறியைச் சரிபார்த்து, குறியைக் கழற்றி மறுபடி பயன்படுமாறு வெளியே விட்டு, புரதத்தின் மடிப்பை அவிழ்த்து நூலாக்கி உள்ளே செலுத்துகின்றனர். இதற்கும் சத்தி செலவாகிறது. வெட்டும் கத்திகள் உருளையின் உட்புறத்திலேயே உள. வெட்டும் விதத்தால் அவை மூவகைப்படும். கத்திகளை வெளியே வைத்திருந்தால் கலம் தன்னைத்தானே தின்றுவிடும். உள்ளே ஒளித்து வைத்து வாயிலிற் காவலிட்டமையாற் குறிபெற்றவை மட்டுமே அழிகின்றன. வெட்டுண்ட துண்டுகள் மேலும் உடைந்து அமினோவமிலங்களாகிப் புதிய புரதத்துக்கு உதவுகின்றன. எங்கள் வகுப்பு மாணவனின் வினாவுக்கு விடையும் இதுவே. பழைய புரதம் எங்கும் போவதில்லை. புதுப் புரதமாக மறுபிறவி எடுக்கின்றது.

வழிதவறிக் கிடைத்த மருந்து

இத்துணை இன்றியமையாத இயந்திரத்தை அடைத்துவிட்டால் நேர்வது யாது? கலம் இறந்துபோகும். ஆகவே அதனைத் தடுக்கும் பொருள் நஞ்சேயன்றி மருந்தாகாது என்று கருதியவர் பலர். கோல்ட்பேர்க்கின் நோக்கம் வேறாயிருந்தது. கடும்நோயாற் படுக்கையிற் கிடப்போரின் தசைகள் கரைந்துபோவதைப் பார்க்கிறோம். அது புரோற்றியசோமின் மிகையான வேலையால் நேர்வது. அதனைச் சிறிது தணித்தால் தசையைக் காக்கலாம் என எண்ணி, 1993 இல் ஒரு சிறு மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு ஜூலியன் அடம்ஸ் என்னும் இரசாயன வல்லுநரும் அவருடைய கூட்டத்தாரும் 1995 அளவில் ஒரு பொருளை ஆக்கினர். அதன் நுனியில் இருந்தது போரன் என்னும் மூலகம்.

போரன் நமக்குப் புதிதன்று. வெண்காரத்தில் உள்ளது அது. கரம் பலகையிற் காய் வழுக்குதற்குத் தூவும் போரிக்கமிலத் தூளில் உள்ளதும் அதுவே. புதிய பொருளின் போரன் முனை, உருளையினுள்ளிருக்கும் மூவகைக் கத்திகளுள் முதன்மையானதைப் பற்றிப் பிடித்துச் சில காலம் செயலற்றதாக்கிப் பின்னர் விட்டுவிடும். முற்றாக அடைத்துவிடாமல் தற்காலிகமாகத் தணிப்பதே அதன் சிறப்பு. ஆய்வுசாலையிற் பி.எஸ். 341 என வழங்கிய அப்பொருளே பின்னர் போட்டிசோமிப் எனப் பெயர்பெற்றது.

தசைத் தேய்வுக்கென்று தொடங்கிய முயற்சி புற்றுநோயின்பால் திரும்பியது. தொடக்கப் பரிசோதனைகளிற் பலவகைக் குருதிப் புற்றுநோயாளர் சேர்க்கப்பட்டிருந்தனர். அவர்களுள் பிளாஸ்மாக் கலப் புற்றுநோய் உடையவர்களாய், பயனை மதிப்பிடத்தக்கவர்களாய் இருந்தோர் ஒன்பதின்மர். ஒருவருக்கு நோய்க்குறிகள் முற்றாக மறைந்தன. ஏனைய எண்மரிடத்தும் நோயின் அளவு குறைந்தது. 2002 இல் வெளியான இம்முடிபு எல்லோரையும் நிமிர்ந்து உட்காரச் செய்தது.

அந்நோயைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பல்கு மைலோமா எனப்படும் இது என்பு மச்சையில் உண்டாகும் புற்றுநோய். 1845 இல் இலண்டனில் வாழ்ந்த ஒரு மளிகை வியாபாரி, தாங்கொணா என்பு வலியுடன் வைத்தியரிடம் சென்றார். அவருடைய சிறுநீரிற் சூடாக்கினால் உறைவதும், மேலும் கொதித்தாற் கரைவதுமான விசித்திரப் பொருளொன்று இருந்தது. அதனை ஆராய்ந்தவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ். அது பிறபொருளெதிரியின் ஒரு துண்டு என்பது அறியப்படுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. பிறபொருளெதிரிகளை ஆக்கும் பிளாஸ்மாக் கலம் கட்டுக்கடங்காது பெருகி, ஒரே வகைப் புரதத்தை ஓயாது கொட்டுவதே இந்நோயின் தன்மை. என்புகள் அரிக்கப்படும், குருதி குறையும், சிறுநீரகம் பழுதுபடும்.

மருந்து இக்கலத்தைத் தேர்ந்து தாக்குவது ஏன்? இரவும் பகலும் புரதம் ஆக்கும் தொழிற்சாலையிற் பழுதான சரக்கும் மிகுதியாகவே இருக்கும். குப்பை மிகுந்த வீட்டிலே கூட்டுவதை நிறுத்தினால் மூச்சு முட்டுவது விரைவில் நேரும். நல்ல கலங்கள் சிறிது காலம் பொறுத்துக்கொள்ளும். மைலோமாக் கலம் தன் குப்பையில் தானே அமிழ்ந்து மடிகிறது. இதனோடு, அக்கலத்தை உயிர்வாழத் தூண்டும் சில செய்திகளும் புரோற்றியசோம் அடைபட்டதாற் தடைப்படுகின்றன.

வேறு மருந்துகள் கைவிட்ட 202 நோயாளரைக் கொண்டு நடந்த பரிசோதனையில், மதிப்பிடப்பட்ட 193 பேருள் 35 வீதத்தினர் பயன்பெற்றனர். 2003 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு அனுமதி வழங்கியது. 669 நோயாளரிடத்து நடந்த மற்றொரு பரிசோதனையின் முடிபு 2005 இல் வெளியாயிற்று. பழைய மருந்து பெற்றோருள் ஓராண்டின்பின் உயிரோடிருந்தவர் 66 வீதம். போட்டிசோமிப் பெற்றோருள் 80 வீதம். நூறு குடும்பங்களில் மேலும் பதினான்கு குடும்பங்களின் தலைவாசலில் தாயோ தந்தையோ மறு ஆண்டும் அமர்ந்திருந்தார் என்பதே இந்த எண்களின் பொருள். 2012 இற் காபில்சோமிப் என்னும் மருந்தும், 2015 இல் வாயினால் உட்கொள்ளத்தக்க இக்சாசோமிப்பும் அனுமதி பெற்றன. 2019 இல் உலகச் சுகாதார நிறுவனம் போட்டிசோமிப்பை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது.

மருந்தும் தேநீரும்

இனி மறுபக்கம். இம்மருந்துகள் நோயை அடியோடு அகற்றுவன அல்ல. ஆண்டுகள் சில கழிந்தபின் பலருக்கு நோய் மீண்டும் தலைகாட்டுகிறது. கட்டிகளாக வளரும் ஏனைய புற்றுநோய்களில் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. பக்கவிளைவுகளுள் முதன்மையானது கைகால்களின் நரம்பு பாதிப்பு. விறைப்பும் எரிவும் தோன்றி, சட்டைப் பொத்தான் பூட்டுவதும் அரிதாகலாம். நாளத்துள் ஏற்றுவதற்குப் பதிலாகத் தோலின் கீழ் ஏற்றினால் இத்தொல்லை குறைவதை 2011 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 53 வீதமாயிருந்தது 38 வீதமாயிற்று. மருந்தின் பயனோ குறையவில்லை. ஊசி குத்தும் இடத்தை மாற்றியதில் விளைந்த நன்மை இது.

நம் குடும்பங்கள் நன்றாக மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி மற்றொன்று. பச்சைத் தேயிலையிலுள்ள ஒரு சத்து புற்றுநோய்க்கு நல்லதென்று பேசப்பட்டபடியால், அது போட்டிசோமிப்போடு சேர்ந்தாற் பயன் இரட்டிக்கும் என அமெரிக்க ஆராய்ச்சியாளர் எதிர்பார்த்தனர். 2009 இற் கிடைத்த முடிபு நேர்மாறாயிருந்தது. அச்சத்து மருந்தின் போரன் முனையைத் தானே பற்றிக்கொண்டு, அதன் வலிமையை அழித்துவிட்டது. எலிகளிடத்தும் இதுவே நிகழ்ந்தது. மிகுந்த அளவில் உயிர்ச்சத்து சீ உட்கொள்வதற்கும் இத்தகைய குறை உண்டென்று ஆய்வுகள் காட்டின. ஆகவே இம்மருந்து பெறுவோர் பச்சைத் தேயிலைச் சாரத்தையும் உயிர்ச்சத்து மாத்திரைகளையும் தவிர்க்குமாறு வைத்தியர் கூறுவர்.

நோயாளியைப் பார்க்க வருவோர் வெறுங்கையோடு வருவதில்லை. ஒருவர் பச்சைத் தேயிலைப் பொதி கொண்டுவருவார். ஒருவர் சத்து மாத்திரை வாங்கிவருவார். ஒருவர் கேள்விப்பட்ட மூலிகையைக் கூறுவார். எல்லாம் அன்பின் செயலே. ஆயினும் அன்பு மருந்துக்குப் பகையாகிவிடக் கூடாது. நோயாளி உட்கொள்வது எதுவாயினும் அதனை மறையாமல் வைத்தியருக்குக் கூறுதல் கடன். இன்னுமொன்று: முதியோரின் முதுகு நோவெல்லாம் இந்நோயன்று; மிகச் சிலவே இதனால் வருவன. ஆயினும் நீங்காத என்பு வலியுடன் குருதிக்குறைவும், களைப்பும், அடிக்கடி காய்ச்சலும் சேர்ந்தால், வயதுக்கோளாறு என்று எண்ணெய் தடவிக் காலங்கடத்தாது குருதியையும் சிறுநீரையும் பரிசோதிப்பித்தல் வேண்டும்.

நாளைய நம்பிக்கை

புரோற்றியசோம் மனிதருக்கு மட்டும் உரியதன்று. நோய்க்கிருமிகள் சிலவற்றுக்கும் உண்டு. நம்முடையதை விட்டுக் கிருமியினுடையதை மட்டும் அடைத்தால் என்ன? மணல் ஈயினாற் பரவும் லீஷ்மேனியா நோய், அநுராதபுரம், பொலனறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை முதலிய பகுதிகளில் ஆறாத தோற்புண்ணாகக் காணப்படுவது. இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் உயிர்கொல்லும் கருங்காய்ச்சலாக வருவதும் இந்நோயின் வேறொரு வடிவே. முப்பது இலட்சம் இரசாயனப் பொருட்களைச் சலித்தெடுத்து, அக்கிருமியின் புரோற்றியசோமை மட்டும் அடைக்கும் பொருளொன்று எலிகளின் நோயைத் தீர்த்ததாக 2016 இல் அறிவிக்கப்பட்டது. அவ்வழிவந்த மருந்து மனிதரிடத்துப் பரிசோதிக்கும் நிலைவரை வந்துவிட்டது. மலேரியா, காசநோய்க் கிருமிகளிடத்தும் இம்முயற்சி நடைபெறுகின்றது.

அழித்தலைத் தடுப்பது ஒரு வழியாயின், அழித்தலை ஏவுவது மற்றொரு வழி. 1957 முதல் 1961 வரை கர்ப்பிணிகளுக்கு வழங்கப்பட்டு, கைகாலற்ற குழந்தைகள் பிறத்தற்குக் காரணமான தலிடோமைட் என்னும் மருந்தை உலகம் மறக்கவில்லை. அதுவும் அதன் வழிவந்தனவும் இன்று கடுங் கட்டுப்பாட்டுடன் மைலோமாவுக்கு மருந்தாகின்றன. அவை குறியிடும் நொதியமொன்றைப் பற்றிக்கொள்கின்றன என்பதை 2010 இல் ஜப்பானிய அறிஞர் கண்டறிந்தனர். நோய்க்கலம் நம்பியிருக்கும் புரதத்துக்கே குறியிடச் செய்து, அதனைப் புரோற்றியசோமின் வாயிலுக்கு அனுப்புகின்றன அவை. பாழாக்கியதே மருந்தாயிற்று, அதன் வழி அறியப்பட்டபோது.

நம் சைவ நூல்கள் இறைவனுடைய தொழில்களை எண்ணும்போது படைத்தல், காத்தல் என்பவற்றோடு அழித்தலையும் சேர்த்தே கூறும். உயிர்களின் இளைப்பை ஒழித்தற்காகச் செய்யப்படும் அருட்செயலே அழித்தல் என்று பெரியோர் விளக்கம் தருவர். சமயக் கருத்தை விஞ்ஞானத்துக்குச் சான்றாக்குவது என் கருத்தன்று. ஆயினும், உரிய காலத்தில் உரியதை அகற்றுதல் படைத்தலுக்கு ஒப்பான தொழில் என்பதை உயிர்க்கலமும் நமக்குப் புகட்டுகின்றது.

மாணவர்களுக்கு ஒரு சொல். ஹேர்ஷ்கோ மருந்து தேடிப் புறப்பட்டவரல்லர். அழிவதற்கு ஏன் சத்தி என்ற ஒரு சிறு முரண்பாடு அவரை உறங்கவிடவில்லை. பலர் கண்டும் காணாததுபோற் கடந்துசென்ற இடத்தில் அவர் நின்றார், அவ்வளவே. வகுப்பிலே ஒருவன் எழுந்து வினா எழுப்பும்போது சிரிப்பவர்கள் இதனை நினைத்துக்கொள்ளட்டும். அந்த மாணவனுக்கு மறுநாள் நான் விடை கூறியபோது, அவன் சிறிது சிந்தித்துவிட்டு, “அந்தப் புரோற்றியசோமும் ஒருநாள் பழுதாகும்தானே, சேர். அதை யார் அழிக்கிறது?” என்று கேட்டான். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.